கொடை நம்முடையது, கடன் அரசாங்கத்தினுடையது



இறந்தபின் நம் சரீரத்தின் உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை விடை சொல்லி வெகுகாலமாயிற்று. 1956-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, கண்ணின் கருவிழியைத் தானம் செய்வோர் சங்கத்தாருக்கு உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இதில் குற்றமில்லை என்று தெளிவாக்கினார். 1995-ல் மனித உயிரின் மாண்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அன்றாட வாழ்வில் வெளியே தெரியாமல் நடக்கும் வீரச் செயல்களுள் ஒன்றாக இதைச் சேர்த்துப் போற்றினார். ஆகவே "கொடுக்கலாமா?" என்ற ஐயம் நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் அதை அடுத்து வேறொரு கேள்வி நிற்கிறது. கொடுக்க மனமுள்ளவனுடைய கொடை, அது யாருக்கு வேண்டுமோ அவன் கையில் நேர்மையாய்ச் சென்று சேரும்படி பார்ப்பது யாருடைய கடமை? இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

இதற்கு இரண்டு விதமாய்ப் பதில் சொல்வோர் உண்டு. "தானம் என்பது அவரவர் மனசு. இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்பார் ஒரு சாரார். "நோயாளிகள் காத்திருந்து மடிகிறார்கள். நல்ல உறுப்புகளோ மண்ணுக்கும் நெருப்புக்கும் போகின்றன. சட்டம் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்பார் மற்றொரு சாரார். இரு பேச்சிலும் உண்மையின் ஒரு பாதி உண்டு. ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டும் தவறாகும்.

சங்கத்தால் ஆவதும் ஆகாததும்

முதலில் கண் தானத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் வீட்டிலேயே இறந்தாலும், ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் சொன்னால் போதும். அவர்கள் வீடு தேடி வந்து, அரைமணி நேரத்திற்குள் எடுத்துச் செல்வார்கள். கருவிழியைச் சில நாள் பாதுகாத்து வைக்கலாம். பொதுவாக இரத்த வகை பொருந்த வேண்டும் என்பதுமில்லை. ஆதலால் நல்ல மனமுடைய நாலு பேர் கூடினால் இந்தக் காரியத்தை நடத்திவிடலாம். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண்தானச் சங்கம், அந்தச் சிறிய தீவிலிருந்து எத்தனையோ தேசங்களுக்குக் கருவிழிகளை அனுப்பியது.

இருதயமும் ஈரலும் சிறுநீரகமும் அப்படியல்ல. நம் நாட்டு நடைமுறையில், வீட்டில் இறந்தவரிடமிருந்து இவற்றைப் பெற இயலாது. தலையில் பலத்த அடிபட்டோ, மூளைக்குள் இரத்தம் கசிந்தோ, மூளைத் தண்டு உட்பட மூளை முழுவதும் மீளாதபடி செத்துவிடுவதுண்டு. அப்போது சுவாசக் கருவியின் உதவியால் மாத்திரம் இருதயம் இன்னும் சிறிது காலம் துடித்துக்கொண்டிருக்கும். இதற்கே மூளைச்சாவு என்று பெயர். இது நினைவிழந்து கிடப்பதைப் போன்றதன்று. நினைவிழந்தவன் ஒருவேளை கண் விழிப்பான். மூளை செத்தவன் விழிப்பதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு இதைச் சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்து, அதன் பின்னரே கையெழுத்திட வேண்டும். சாவின் அடையாளங்களை நிர்ணயிப்பது வைத்திய சாஸ்திரத்தின் வேலை என்று 1957-லேயே பன்னிரண்டாம் பத்திநாதர் கூறினார். 2000-ம் ஆண்டு உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர் மாநாட்டில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், இந்த அளவுகோலைக் கண்டிப்பாகக் கையாண்டால் மனச்சான்றுக்கு விரோதமில்லை என்றார்.

டாக்டர்கள் கையெழுத்திட்டபின் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். விபத்தானால் போலீஸ் அனுமதி வேண்டும். பிறகு யாருக்குப் பொருந்தும் என்று பட்டியலைப் பார்க்க வேண்டும். எடுத்த இருதயத்தைச் சுமார் நாலு மணி நேரத்துக்குள் மற்றொரு மார்பில் வைத்தாக வேண்டும். ஈரல் அதைவிடச் சற்று அதிக நேரம் தாங்கும். சிறுநீரகம் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நரசீபுரம் சாலையில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலைக்காயத்தோடு கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூளை செத்துவிட்டது என்று டாக்டர்கள் முடிவு சொல்கிறார்கள். தாய்தந்தையர் அழுதுகொண்டே, "எங்கள் பிள்ளையின் உறுப்புகளை யாருக்காவது கொடுங்கள்" என்கிறார்கள். அவனுடைய ஈரல் பொருந்தக் கூடியவர் சென்னையில் இருக்கலாம். சிறுநீரகம் பொருந்தக் கூடியவர் மதுரையில் இருக்கலாம். தோப்பும் தோட்டமுமாய் வாழ்ந்த அந்தத் தாய்தந்தையர் அவர்களை எப்படி அறிவார்கள்? எந்தப் பங்குக் கோயில் அந்தப் பட்டியலை வைத்திருக்கும்? எந்தச் சங்கம் நெடுஞ்சாலையை ஒதுக்கித் தரும்?

குடும்பமும் சிறு சங்கங்களும் தாமே செய்யக்கூடியதை அரசாங்கம் பறித்துக்கொள்ளலாகாது என்று 1931-ல் பதினோராம் பத்திநாதர் போதித்தார். அந்தப் போதனைக்கு மறுபக்கமும் உண்டு. அவற்றால் ஆகாததை, பொதுநன்மைக்கு வேண்டியதை, அரசாங்கம் செய்யாமல் விடலாகாது. நல்ல சமாரியன் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவனைத் தூக்கிச் சுமந்தது அவனுடைய இரக்கம். ஆனால் அந்த வழியில் ஒரு சத்திரமும், அதை நடத்த ஒருவனும் இருந்ததால்தான் அந்த இரக்கம் பலன் தந்தது. உறுப்பு தானத்தில் சத்திரம் கட்ட வேண்டியவர் அரசாங்கத்தார்.

சரீரம் அரசாங்கத்தின் சொத்தா?

அப்படியானால் அரசாங்கம் சட்டம் போட்டு எல்லாருடைய உறுப்புகளையும் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. கை, முழு உடலுக்காக இருக்கிறது. உடலைக் காப்பாற்ற அழுகிய கையை வெட்டுவது நியாயம். ஆனால் குடிமகன் அரசாங்கத்தின் கையுமல்ல, காலுமல்ல. அவன் தனக்கென ஆத்துமமும் சர்வேசுரனால் அருளப்பட்ட சுயாதீனமும் உள்ளவன். மனித சமுதாயத்தை ஓர் உடலாகவும் மனிதரை அதன் உறுப்புகளாகவும் எண்ணி, ஒன்றை வெட்டி மற்றொன்றுக்கு வைக்கலாம் என்று வாதிப்பதைப் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த 1956-ம் ஆண்டு உரையிலேயே மறுத்தார். இறந்தவனுடைய சரீரமும் வெறும் பொருளாகிவிடாது. அதன்மேல் அவன் உயிரோடிருக்கையில் சொன்ன சொல்லுக்கும், அவனைப் பெற்று வளர்த்தவர்களின் துக்கத்துக்கும் உரிமை உண்டு. பிடுங்கியது கொடையாகாது.

மேலும், சட்டம் போட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்பதும் மெய்யல்ல. இதற்கு ஸ்பெயின் தேசமே சாட்சி. மறுப்புச் சொல்லாதவர் எல்லாரும் சம்மதித்தவராகவே கருதப்படுவர் என்று அங்கே 1979-ல் சட்டம் வந்தது. பத்து வருஷம் ஆகியும் பெரிய மாற்றம் வரவில்லை. 1989-ல் அரசாங்கத்தார் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, டாக்டர் இரபாயேல் மத்தேசான்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தனர். ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டார். பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டரே அந்தப் பொறுப்பை ஏற்றார். மூளைச்சாவை உரிய நேரத்தில் கண்டறிவதும், குடும்பத்தாரோடு அமர்ந்து பேசுவதும் அவர் வேலை. சட்டம் எப்படியிருந்தாலும் குடும்பத்தாரைக் கேளாமல் எடுப்பதில்லை என்பதே அங்கு வழக்கம். 1989-ல் பத்து லட்சம் ஜனங்களுக்கு 14 பேர் வீதம் இருந்த மரணத்திற்குப் பிந்திய கொடை, 2024-ல் 52-ஐத் தாண்டியது. நம் இந்தியாவிலோ பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. 2023-ல் நாடு முழுவதும் இறந்தபின் உறுப்பளித்தவர் 1,099 பேரே. ஸ்பெயின் நாட்டார் நம்மைவிட இரக்கமுள்ளவர்களா? அல்லவே. அவர்களுடைய இரக்கத்துக்கு வழி வெட்டப்பட்டிருக்கிறது.

நம் மாநிலத்தில் நடந்தது

தொலைதேசம் போவானேன்? நம் மாநிலத்தின் கதையே இதைப் போதிக்கிறது. 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியாய் நடந்தது. சிகிச்சை வளர்ந்தது, கூடவே வியாபாரமும் வளர்ந்தது. சென்னை வில்லிவாக்கத்து ஏழைகள் சிறுநீரகம் விற்ற செய்தி ஊரெங்கும் பரவி, அந்த இடத்துக்கே இழிபெயர் உண்டாயிற்று. 1994-ல் மத்திய அரசாங்கம் சட்டம் இயற்றி விற்பனையைத் தடை செய்தது, மூளைச்சாவையும் அங்கீகரித்தது. ஆனால் தடையை எழுதிய கை, வழியை அமைக்கவில்லை. இறந்தவரிடமிருந்து உறுப்பு பெற ஒழுங்கான ஏற்பாடு இல்லாதவரையில், உயிரோடிருக்கும் ஏழையின் விலாவையே நோயாளியின் கண் தேடும். 2007-ல் சென்னைக்கு வடக்கே எர்ணாவூரில், சுனாமியால் வீடிழந்து குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்து எல்லாரையும் வெட்கப்படுத்தியது.

இதற்கிடையில் நல்லவர்கள் சும்மா இருக்கவில்லை. 1997-ல் டாக்டர் சுனில் ஷ்ராப் சென்னையில் தொடங்கிய மோகன் பவுண்டேஷன், சில ஆஸ்பத்திரிகளை ஒன்றுகூட்டி உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்தது. அது பாதை காட்டிற்று. ஆனால் எல்லா ஆஸ்பத்திரிகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் சங்கத்துக்கு ஏது?

2008-ல் தமிழக அரசாங்கம் அடுத்தடுத்துப் பல ஆணைகளைப் பிறப்பித்து, இறந்தவர் உறுப்பு மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அமலோற்பவநாதன் அதன் ஒருங்கிணைப்பாளரானார். அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில்தான், திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியரின் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தனர். போலீசார் சாலையை ஒதுக்கித் தர, அந்தச் சிறுவனின் இருதயம் பதினொரு நிமிஷத்தில் சென்னை நகரைக் கடந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைச் சேர்ந்தது. அந்தப் பெற்றோரின் கொடை தமிழ்நாட்டின் மனத்தைத் திறந்தது. திறந்த மனத்துக்குத் திட்டம் ஒன்று தயாராய் இருந்தது. இரண்டும் கூடியதால் காரியம் நிலைத்தது.

2014-ல் இந்தத் திட்டத்தை நடத்த தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைக்கப்பட்டது. பின்னர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கு, மாற்றுச் சிகிச்சை நடவாவிட்டாலும் உறுப்பு எடுக்கும் அனுமதி தரப்பட்டது. 2023 செப்டம்பர் 23-ந் தேதி, உறுப்பு தானம் செய்து இறந்தோரின் அடக்கம் அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2023-ல் 178 பேராய் இருந்த தமிழ்நாட்டின் கொடையாளர் தொகை 2024-ல் 268 ஆயிற்று. இந்தியாவிலேயே இது முதலிடம். அரசு மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை: பணம் கொடுத்தால் கொடை விற்பனையாகும். மரியாதை கொடுத்தால் கொடை கொடையாகவே நிற்கும். இதில் அரசாங்கத்தார் செய்தது சரியே.

இன்னும் தீராத கடன்

புகழ வேண்டியதைப் புகழ்ந்தோம். ஆனால் கடன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலையில் நம் கொங்கு நாட்டிலேயே, நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர் கடன் தொல்லை தாளாமல் தரகர் மூலமாய்ச் சிறுநீரகம் விற்றார்கள் என்ற செய்தி வெளிவந்தது. அரசாங்கம் விசாரணைக் குழுவை அனுப்பிற்று. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. விற்றவனை நாம் தீர்ப்பிட வேண்டாம். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் அவன். ஆனால் இதைக் கேளுங்கள்: நெருங்கிய உறவல்லாதவர் அன்பின் காரணமாய்க் கொடுப்பதாகச் சொன்னால், அதை ஆராய்ந்து அனுமதிக்கும் குழுவைச் சட்டமே வைத்திருக்கிறது. அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் அன்பு மெய்யானதா, விலைபேசப்பட்டதா என்று கண்டுபிடிப்பது யார் வேலை? குடிமக்களாகிய நம் வேலையல்ல. அதிகாரத்தை வைத்திருப்பவரின் வேலை.

இரண்டாவது, நம்பிக்கை. 2018-ல், இங்கே தானமாய் வந்த இருதயங்கள் வெளிநாட்டார் பலருக்குப் போய்விட்டன என்று புகார் எழுந்தது. அதே வருஷம், பாலக்காட்டு இளைஞர் ஒருவரின் உறுப்புகள் சிகிச்சைச் செலவுக்கு ஈடாக எடுக்கப்பட்டதாகப் புகார் கூறி, கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் நம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இத்தகைய புகார் ஒன்று பரவினால் நூறு வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும். யாருக்கு, எந்த முறைப்படி கிடைத்தது என்பதை, பெயரை வெளியிடாமலே, ஜனங்கள் பார்க்கும்படி வைப்பது அரசாங்கத்தின் கடன்.

மூன்றாவது, நீதி. விபத்தில் அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருவோரில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் இருதய மாற்றும் நுரையீரல் மாற்றும் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. ஏழை கொடுக்க, பணக்காரன் பெறுவது என்றாகிவிட்டால் அந்தத் திட்டம் எவ்வளவு ஒழுங்காய் நடந்தாலும் நீதியாகாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சென்னை இராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை இராஜாஜி முதலிய அரசு ஆஸ்பத்திரிகளில் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. இவை பெருக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இந்த நீதியைப் பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மாற்றுச் சிகிச்சைகளில் பெரும்பகுதி உயிரோடிருக்கும் உறவினர் கொடுத்ததால் நடப்பவை. அப்படிக் கொடுப்பவரில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவரில் பெரும்பாலோர் ஆண்கள். தாயும் மனைவியும் அன்பினால் கொடுக்கிறார்கள் என்பது உண்மையே. "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இறந்தவரின் கொடை பெருகினால்தான் அவர்கள்மேல் விழும் இந்தப் பாரம் குறையும்.

ஓர் ஆட்சேபணை

"கிராமத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கே மருந்து போதவில்லை. இவ்வளவு செலவில் சிலரைக் காப்பது நியாயமா?" என்று கேட்போர் உண்டு. இதைத் தள்ளிவிடலாகாது. சர்க்கரை வியாதியையும் இரத்தக் கொதிப்பையும் ஆரம்பத்திலேயே அடக்கினால் எத்தனையோ சிறுநீரகங்கள் கெடாமல் தப்பும். அதுவே முதல் கடமை. ஆனால் ஏற்கனவே கெட்டவர்களை என்ன செய்வது? வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடியுமுன் பஸ் ஏறி, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து, சோர்ந்து வீடு திரும்புகிறவன் தோட்ட வேலை செய்வதெப்படி? வருஷக்கணக்காய் டயாலிசிஸ் செய்வதைவிட ஒரு மாற்றுச் சிகிச்சை காலப்போக்கில் செலவு குறைந்தது, அவனை உழைப்புக்கும் திருப்புகிறது. அன்றியும், மூளைச்சாவை ஒழுங்காய்க் கண்டறியத்தக்க தீவிர சிகிச்சைப் பிரிவு, சாகாமல் தப்பக்கூடியவனையும் காப்பாற்றும். மருந்தா, மாற்றா என்று ஏழையை மோதவிடுவது சரியான கணக்காகாது.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தின் கடன் பெரிது என்பதால் நம் கடன் இல்லையென்று ஆகாது. சத்திரம் எவ்வளவு நன்றாய்க் கட்டினாலும், தூக்கிச் சுமக்கிறவன் வராவிட்டால் அது வெறும் கட்டிடமே. நம் நாட்டில் நீங்கள் தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த நேரத்தில் உங்கள் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். உங்கள் மனம் அவர்களுக்குத் தெரியாவிட்டால், அழுகையின் நடுவே அவர்கள் என்னவென்று பதில் சொல்வார்கள்? ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை இராத்திரி, குடும்ப ஜெபம் முடிந்தபின், வீட்டில் எல்லாரும் கூடியிருக்கையில் இதைப் பேசுங்கள். பெரியவர்கள் முதலில் தங்கள் விருப்பத்தைச் சொல்லட்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்த வேண்டாம். கொடை மனமுவந்து வரவேண்டியது. ஆஸ்தி பாகம் பிரிப்பதைப் பற்றிப் பேசக் கூசாத நாம் இதைப் பேசக் கூசுவானேன்? சரீரம் சிதைந்தால் உத்தானத்துக்குத் தடையாகுமோ என்று அஞ்ச வேண்டாம். மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கினவருக்கு, கொடுத்துவிட்ட கண்ணையும் இருதயத்தையும் திரும்பத் தருவது கஷ்டமான காரியமன்று.

இன்னொன்று. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையும் தண்ணீரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அத்தோடு இதையும் கேட்போம்: நம் மாவட்டத்து ஏழைக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது? பள்ளிபாளையத்தில் நடந்தது மறுபடியும் நடவாதபடி என்ன செய்தீர்கள்?

மனம் திறக்க வேண்டியவர்கள் நாம். வழி திறக்க வேண்டியவர் அரசாங்கத்தார். நம் பங்கை நாம் செய்தால்தான் அவர்கள் பங்கைத் தலைநிமிர்ந்து கேட்க முடியும். சர்வேசுரன் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு,
தொண்டாமுத்தூர்